சாப்பிட மறுக்கும் அப்பாவுக்குச் சேலைன் ஏற்ற வேண்டுமா?

கேள்வி: கரவெட்டி மகள்

என் தந்தையாருக்கு 76 வயது. பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. நோயைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை இனிப் பயன்தராது என்றும், வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே நல்லது என்றும் வைத்தியர்கள் தெளிவாகச் சொல்லி, மோர்பின் திரவமும் மலமிளக்கியும் தந்து அனுப்பினார்கள். வலி பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. என் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது.

பத்து நாட்களுக்கு முன்புவரை காலையில் அரைக் கோப்பை கஞ்சி குடித்தார். பிறகு அது நாலு கரண்டி நெஸ்டமோல்ட் பானமாகக் குறைந்தது. மூன்று நாட்களாகக் கரண்டியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார். எங்களை அடையாளம் காண்கிறார். கேட்டால் ஓரிரு சொல் கதைக்கிறார். மிச்ச நேரமெல்லாம் நித்திரை. அம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை. நேற்று அவர் அப்பாவின் வாயைப் பிரித்து ஒரு கரண்டி ஊற்ற, அப்பாவுக்குப் புரைக்கேறி, இருமி, கண் சிவந்து, கடைசியில் "போதும் விடு" என்றார். அந்தக் கோப்பையை அம்மா இன்னமும் கட்டிலடியிலேயே மூடி வைத்திருக்கிறார்.

ரொறன்ரோவில் உள்ள அண்ணா ஒவ்வோர் இரவும் அழைத்து, "சாப்பாடு இறங்காவிட்டால் ஒரு சேலைனாவது ஏற்றுங்கள், காசு நான் அனுப்புகிறேன்" என்கிறார். வீட்டுக்கே வந்து ஏற்றிவிட ஊரில் ஒருவர் ஆயத்தமாகவும் இருக்கிறார். பக்கத்து வீட்டு மாமியோ, "பட்டினி போட்டுச் சாக விட்டதுகள் எண்டு நாளைக்குச் செத்தவீட்டிலை சனம் கதைக்கும்" என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பசிக்கிறதா? தாகம் எடுக்கிறதா? சேலைன் ஏற்றினால் அவருக்கு ஆறுதல் கிடைக்குமா, அல்லது எங்களுக்கு மட்டுந்தானா? அனுபவமுள்ளவர்கள் மறைக்காமல் எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி

தங்கைக்கு,

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியசாலை விடுதிகளில் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நோயாளியின் கடைசி வாரங்களில் வலியைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் உறவினர்கள் என்னிடம் அதிகம் கேட்டிருக்கிறார்கள். நம்மிடையே அன்பைச் சொல்லுகிற முதல் வார்த்தையே "சாப்பிட்டாச்சோ" என்பதுதானே. அந்த வார்த்தைக்குப் பதில் வராமற்போனால் வீடே கலங்கிவிடும்.

நோய் முற்றிய உடம்பு, செய்கின்ற வேலைகளை ஒவ்வொன்றாகக் குறைக்கத் தொடங்கும். சமிபாடு அப்படி முதலில் குறைகின்ற வேலைகளில் ஒன்று. அடுப்பில் நெருப்புத் தணிந்துகொண்டு போகையில் விறகைத் திணித்தால் புகைதான் எழும்பும். அப்பாவுக்குப் புரைக்கேறியதும் அத்தகையதே. எனவே இன்றே செய்யவேண்டியது, வாயைப் பிரித்து ஊட்டுவதை நிறுத்துவது. அவராகக் கேட்டால், தலைமாட்டை உயர்த்தி, நன்றாக விழித்திருக்கும் நேரம் பார்த்து, அரைக் கரண்டி கொடுங்கள். விழுங்கியதைக் கண்ட பிறகே அடுத்தது. இளநீரைப் பனிக்கட்டித் தட்டில் உறையவைத்து, சிறு துண்டாக உடைத்து உதட்டில் வைத்தால் பலர் விரும்பிச் சுவைப்பார்கள்.

சேலைன் பையில் என்ன இருக்கிறது என்பதை அண்ணாவுக்குச் சொல்லுங்கள். சாதாரண சேலைன் ஒரு லீற்றரில் இருப்பது 9 கிராம் உப்பும் தண்ணீரும். சத்து எதுவும் இல்லை. 5 வீத டெக்ஸ்ரோஸ் என்றால் ஒரு லீற்றரில் 50 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறத்தாழ ஒரு கோப்பைச் சோற்றின் சக்தி. அதற்காக ஒரு மனிதரை மணிக்கணக்காகக் கையை அசைக்கவிடாமல் படுக்க வைக்கவேண்டும்.

அவருக்கு உண்மையில் ஆறுதல் தருவது வாய்ப் பராமரிப்பு. அதை அம்மாவின் கையில் கொடுங்கள். ஊட்டமுடியாத கைக்கு ஒரு வேலை வேண்டும். சிறுபிள்ளைகள் பாவிக்கும் மென்மையான பற்தூரிகையையோ, விரலில் சுற்றிய சுத்தமான காஸ் துணியையோ கொதித்தாறிய தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, முதலில் கன்னத்தின் உட்புறம், பிறகு ஈறு, கடைசியாக நாக்கு என்ற வரிசையில் மெதுவாகத் துடைக்கவேண்டும். நாக்கின் அடிவரை போனால் ஓங்காளம் வரும், அங்கே போகவேண்டாம். உதட்டுக்குத் துளி தேங்காயெண்ணெய். விழித்திருக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது இதைச் செய்தால், வாய் உலர்ச்சியால் வருகிற தாகம் பெரும்பாலும் தணிந்துவிடும்.

துடைக்கும்போது ஒரு ரோர்ச் வெளிச்சத்தில் வாய்க்குள் பாருங்கள். தயிர் ஒட்டியதுபோல வெண்படலம் இருந்து, துடைத்தால் அடியில் சிவந்திருந்தால், அது பூஞ்சணமாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. எத்தனை நாளாக மலம் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். மோர்பின் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கலே குமட்டலையும் சாப்பாட்டு வெறுப்பையும் கொண்டுவரும். சாவு நெருங்கிவிட்டது என்ற ஒரே காரணத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று: விழுங்க முடியவில்லை என்று மோர்பினை நீங்களாக நிறுத்தவேண்டாம். வலி திரும்பிவிடும். மருந்து தந்த கிளினிக்கிற்கு அழைத்துச் சொன்னால், தோலுக்கடியில் சிறு ஊசிவழி கொடுக்கும் ஒழுங்கைச் செய்வார்கள்.

பதில்: விரிவுரையாளர்

மேலே தாதியார் எழுதியவற்றுடன் உடன்படுகிறேன். ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதையும், அவை எங்கே நிற்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுவது அண்ணாவுடன் கதைக்க உதவும் என நினைக்கிறேன்.

பசி, தாகம் பற்றிய கேள்விக்கு, நோயாளிகளிடமே கேட்டறிந்த ஓர் ஆய்வு 1994 இல் அமெரிக்காவில் வெளியானது. இறுதிக்கட்டத்திலிருந்து தெளிவாகக் கதைக்கக்கூடிய 32 பேரில் 20 பேர் தங்களுக்கு ஒருபோதும் பசிக்கவில்லை என்றார்கள். தாகமும் அதே அளவானோருக்கு ஒன்றில் இருக்கவில்லை, அல்லது தொடக்கத்தில் மட்டுமே இருந்தது. இருந்தவர்களுக்கும் சிறிதளவு உணவு, சிறு மிடறு நீர், பனிக்கட்டித் துண்டு, உதட்டுப் பராமரிப்பு ஆகியவையே அதைத் தணித்தன. சிறிய ஆய்வுதான்; ஆனால் உறவினர் ஊகித்ததை எழுதாமல் நோயாளி சொன்னதை எழுதியது என்பதால் நான் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன்.

சேலைனை நேரடியாகப் பரிசோதித்தது 2013 இல் வெளியான ஹூஸ்ரன் ஆய்வு. புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் வீட்டுப் பராமரிப்பில் இருந்த 129 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிலீற்றரும், மறுபகுதியினருக்குப் பெயரளவில் 100 மில்லிலீற்றரும் கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு என்பது நோயாளிக்கோ குடும்பத்துக்கோ தெரியாது. நான்காம் நாளில் களைப்பு, மயக்கநிலை, தசைத் துடிப்பு முதலிய அறிகுறிகளில் இரு பகுதியினருக்கும் கருதத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. உயிர்வாழ்ந்த காலத்திலும் இருக்கவில்லை. கடுமையான நீரிழப்பு உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஜப்பானில் வயிற்றுறுப்புப் புற்றுநோய் உள்ள 226 பேரை அவதானித்து 2005 இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் தந்தையாரின் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. நாளுக்கு ஒரு லீற்றர் அளவில் நீர் ஏற்றப்பட்டவர்களுக்கு நா உலர்தல் போன்ற நீரிழப்புக் குறிகள் குறைந்திருந்தன; ஆனால் கைகால் வீக்கமும், வயிற்றிலும் நெஞ்சறையிலும் நீர் சேர்வதும் கூடியிருந்தன. ஈரல் பாதிக்கப்பட்டவருக்குக் குருதியில் அல்புமின் புரதம் குறைந்திருக்கும் என்பதால், ஏற்றிய நீர் குழாய்க்குள் நில்லாமல் இழையங்களுக்குள் கசிந்துவிடுகிறது.

நல்ல சாப்பாட்டைக் கொடுத்தால் உடம்பு தேறாதா என்று அண்ணா கேட்கக்கூடும். முற்றிய புற்றுநோயில் வருகிற மெலிவு, பட்டினியால் வருகிற மெலிவிலிருந்து வேறானது. கட்டியும் உடம்பும் சேர்ந்து வெளிவிடும் அழற்சிப் பொருட்கள் பசியை அடக்கி, தசையைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த நிலையில் உள்ளே போகிற கலோரி தசையாக மாறுவதில்லை.

ஆயினும் "இறுதிக்கட்டத்தில் சேலைன் கூடாது" என்று ஒரு சட்டம்போல யாரும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு நாள் வாந்தியெடுத்துத் திடீரென்று வாடிப்போனவருக்கு, குருதியில் கல்சியம் ஏறிக் குழம்பியிருப்பவருக்கு, நீர் குறைந்ததால் மோர்பினின் கழிவுகள் தேங்கித் தசை வெட்டி வெட்டி இழுப்பவருக்கு, அது பயன்படலாம். அத்தகைய ஐயம் இருந்தால், இன்ன பயனை எதிர்பார்க்கிறோம் என்று முன்கூட்டியே பேசிவைத்து, 48 மணித்தியாலம் கொடுத்துப் பார்த்து, பயனில்லையெனில் நிறுத்திவிடுவது முறையான வழி. நாளத்தைத் தேடிக் குத்தாமல் தோலுக்கடியில் மெதுவாக ஏற்றவும் முடியும். ஆனால் அதை முடிவுசெய்ய ஒரு வைத்தியர் அவரைப் பார்த்திருக்கவேண்டும். பையைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டுப் போகிறவர், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறும்போது உங்கள் வீட்டில் இருக்கமாட்டார்.

யார் முடிவெடுப்பது என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் வெளிப்படையாக இல்லை, ஆனால் இருக்கிறது. "போதும் விடு" என்று சொன்னவர் தெளிவோடுதான் சொல்லியிருக்கிறார். அவர் விழித்திருக்கும்போது, அண்ணாவும் தொலைபேசியில் கேட்கத்தக்கதாக, அவரிடமே ஒருமுறை கேளுங்கள்.

பதில்: கொக்குவில் வாசி

நாங்கள் ஏற்றினோம். யாரும் எங்களைத் தூண்டவில்லை. வைத்தியர் வேண்டாம் என்றபோதும் நாங்கள்தான் நின்று வற்புறுத்தினோம். அம்மாவுக்குக் கருப்பைப் புற்றுநோய். முதல்நாள் முகம் கொஞ்சம் தெளிந்ததுபோலத் தெரிந்தது, அல்லது நாங்கள் அப்படிப் பார்த்தோம். மூன்றாம் நாள் கை இரண்டும் வீங்கி, திருமணத்தன்று போட்ட மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. சவர்க்காரம் போட்டும் நூல் சுற்றியும் கழரவில்லை. கடைசியில் தெரிந்த நகைப் பத்தர் ஒருவரைக் கூட்டிவந்து, சிறு வெட்டியால் அதை அறுத்தோம். அவர் அறுத்த அரைமணி நேரமும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்திருந்தார்.

நாளத்தில் செருகும் கனூலாக் குழாய் நிற்காமல் இடம் மாற்றி மாற்றிக் குத்தியதில் முழங்கைவரை நீலம் பாரித்திருந்தது. ஐந்தாம் நாள் தொண்டையில் சளி கரகரத்துச் சேடம் இழுக்கத் தொடங்கியது. நாங்கள் ஏற்றிய தண்ணீரால்தான் அந்தச் சத்தம் என்று எனக்குள் ஒரு முடிவு இருந்தது. அது சரியா என்பதை மேலே எழுதியவர்கள்தான் சொல்லவேண்டும். அறுத்த மோதிரத்தை இன்னும் ஒட்டவைக்கவில்லை.

பதில்: விரிவுரையாளர்

கொக்குவில் நண்பருக்கு: சேலைன் ஏற்றப்படாத பலருக்கும் சேடம் இழுப்பதுண்டு. நீரேற்றுவதற்கும் அந்தச் சத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் கதைக்கவில்லை. நீங்கள்தான் அதை வரவழைத்தீர்கள் என்று சொல்வதற்கு அறிவியலில் இடமில்லை.

பதில்: ரொறன்ரோவிலிருந்து

தங்கச்சி, நான் உங்கள் அண்ணா இல்லை. ஆனால் நாலு வருடங்களுக்கு முன் அவர் இடத்தில் இருந்தவன். "காசு அனுப்புகிறேன், சேலைன் ஏற்று" என்று நானும் சொன்னேன். பத்தரை மணித்தியால நேர வித்தியாசத்தில், பனியில் பேருந்துக்கு நின்றபடி, வேறு எதைச் செய்வதென்று தெரியாமல் சொன்ன சொல் அது. அவரிடம் "ஏற்றவில்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். அம்மா வாய் துடைப்பதை, இளநீர்க்கட்டியை அப்பா சுவைப்பதைக் காணொளி அழைப்பில் காட்டுங்கள். மேலே உள்ள 9 கிராம் உப்புக் கணக்கை அப்படியே அனுப்புங்கள்; எங்களைப் போன்றவர்களுக்குக் கணக்குப் புரியும்.

அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் நான் இரவுதோறும் ஒலிபெருக்கியில் சிவபுராணம் படித்தேன். வான்கூவரில் இறுதிக்காலப் பராமரிப்பு நிலையமொன்றில் செய்த ஆய்வு 2020 இல் வெளியானது. பதிலளிக்காத நிலைக்குப் போய்விட்ட நோயாளிகள் சிலரின் மூளை, மரணத்துக்குச் சில மணித்தியாலம் முன்புவரை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதை மூளையின் மின் அலைப் பதிவில் (EEG) கண்டிருக்கிறார்கள். விளங்கிக்கொண்டார்களா என்பது வேறு விடயம். எனக்கு அந்த அளவே போதுமாக இருந்தது.

கரவெட்டி மகள்

எல்லோருக்கும் நன்றி. தாதியம்மா சொன்னபடி ரோர்ச் அடித்துப் பார்த்தேன். அண்ணத்தில் வெண்படலம் இருந்தது. கிளினிக்கில் சொல்லித் துளிமருந்து எடுத்துப் போட்டு நாலு நாள் ஆகிறது. நேற்றுப் பின்னேரம் அவராகவே "பிளேன்ரீ" என்று கேட்டு, மூன்று கரண்டி குடித்தார். அதற்காகத் தேறிவிடுவார் என்று நாங்கள் எண்ணவில்லை. கால் குளிர்ந்துதான் இருக்கிறது. சேலைன் பற்றி அண்ணா கேட்கும்படியாக அவரிடம் கேட்டோம். தலையை ஆட்டி வேண்டாமென்றார். அண்ணா சற்று நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு என்ன பதிகம் படிக்கவேண்டும் என்று கேட்டார்.

இப்போது பெரியப்பா, நேரம் நெருங்கும்போது எல்லாரும் வரிசையாகப் பால் பருக்கவேண்டும் என்கிறார். அம்மா முதற்கொண்டு பதினைந்து பேர் வருவார்கள். புரைக்கேறியதைக் கண்ட பின்பு எனக்குப் பயமாக இருக்கிறது. மறுத்தால் பெரியப்பா மனம் நோவார். சேடம் இழுத்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி

பால் பருக்குவதைத் தடுக்கவேண்டாம், தங்கச்சி. கரண்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பஞ்சை வையுங்கள். பஞ்சைப் பாலில் தோய்த்து, கிண்ண விளிம்பில் ஒற்றிப் பிழிந்துவிட்டு, கீழுதட்டில் தொட்டுவிடுவதும் பால் பருக்குவதுதான். ஒருவர் தொட்டதும் உலர்ந்த துணியால் நீங்கள் ஒற்றியெடுங்கள். பதினைந்து பேர் வந்தாலும் தொண்டைக்குள் எதுவும் போகாது. பெரியப்பாவிடம் முதலிலேயே தனியாகச் சொல்லி, அவரையே முதலில் செய்யவைத்தால் மற்றவர்கள் அதையே பார்த்துச் செய்வார்கள். நான் கண்ட அளவில், காரணத்தைச் சொன்னால் பெரியவர்கள் மறுப்பதில்லை. சபையில் வைத்துத் தடுத்தால்தான் கோபம் வரும்.

சேடம் என்பது, விழுங்கவோ செருமவோ முடியாத நிலையில் தொண்டையில் தேங்கிய சளியூடாக மூச்சுப் போய்வருகிற சத்தம். அந்நேரம் அவர் பெரும்பாலும் நினைவோடு இருக்கமாட்டார். நெற்றி சுருங்காமல் முகம் அமைதியாக இருந்தால், கேட்கிற நமக்குள்ள வேதனை அவருக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்களித்து, முதுகுக்கு ஒரு தலையணை அண்டை கொடுங்கள். பாதிச் சத்தம் அதிலேயே குறையும். குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லிக் கேட்காதீர்கள், அது அவரை வதைக்கும். வயிற்றுக்குத்துக்குப் பாவிக்கிற புஸ்கோபான் மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாக, சத்தம் தொடங்கும் முன்பே கொடுத்தால், சேடம் வருவது 100 பேரில் 27 இலிருந்து 13 ஆகக் குறைந்ததாக 2021 இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சத்தம் தொடங்கிய பிறகு அந்த மருந்தால் பெரிய பயன் இல்லை. ஆகவே அவர் ஒருவேளை கண்விழிக்காமலே இருக்கத் தொடங்கினால், அன்றே கிளினிக்கிற்கு அழைத்து இதைக் கேளுங்கள்.

மூச்சு வாங்கினால் யன்னலைத் திறந்து, பனையோலை விசிறியால் கன்னத்தில் படும்படி மெதுவாக விசிறுங்கள். குருதியில் ஒட்சிசன் போதுமாக உள்ளவருக்குச் சிலிண்டர் ஒட்சிசனும் சாதாரண காற்றும் ஒரே அளவு ஆறுதலைத்தான் தந்தன என்று 2010 இல் 239 பேரில் பார்த்திருக்கிறார்கள். வாடகைச் சிலிண்டருக்கு அலையவேண்டாம்.

கரவெட்டி மகள்

அப்பா செவ்வாய்க்கிழமை விடியப்புறம் காலமானார். ஊசி முதல்நாளே கிடைத்தது. சேடம் வந்தது, ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் தணிந்தது. பெரியப்பாதான் பஞ்சை முதலில் எடுத்தார். அண்ணா அன்றிரவு படித்துக்கொண்டிருந்தபோது இணைப்பு இரண்டு தடவை அறுந்தது. இரண்டு தடவையும் விட்ட இடத்திலிருந்தே படித்தார். மாமி அந்திரட்டிக் கிரியைவரை நின்று சமையலுக்கு உதவினார், வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

ஒரு சிறு விடயம். போத்தலில் பாதிக்கு மேல் மோர்பின் மிஞ்சியிருக்கிறது. கழிவறையில் ஊற்றிவிடலாமா, அல்லது இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி

உங்கள் அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும். இரண்டும் வேண்டாம். இன்னொருவருக்கு அந்த அளவு பொருந்தாது. பழக்கமில்லாதவர் என்றால் மூச்சே நின்றுபோகலாம். கழிவறையில் ஊற்றினால், நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றுக்குத்தான் இறங்கும். மூடியை இறுக்கி, கிளினிக் அட்டையோடு சேர்த்து, மருந்து தந்த வைத்தியசாலையின் மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.